ரெண்டாம் பிரதி

“என்னை ரெண்டாம் பிரதின்னாங்க வக்கீலம்மா. ஏதோ காகிதத்துக்கு ரெண்டாவது காப்பி எடுக்கறாங்களாட்ட இருக்குதுன்னு நானும் பேசாம நின்னுட்டனுங்க.”

சப் ஜெயிலின் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என் கட்சிக்காரர் இதைச் சொன்னபோது கைதாகி நான்கு நாள் ஆகியிருந்தது. மலையாளத்தில் ‘பிரதி’ என்றால் குற்றம்சாட்டப்பட்டவர். ஒன்றாம் பிரதி, ரெண்டாம் பிரதி என்றுதான் கேரளத்தில் போலீசும் கோர்ட்டும் வரிசை சொல்லும். நமக்குப் பிரதி என்றால் நகல். ‘மொழி’ என்ற சொல்லும் அப்படித்தான். அங்கே மொழி என்றால் வாக்குமூலம். “நாளெ மொழி எடுக்கணும்” என்று ஸ்டேஷனில் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு, தமிழ் தெரிந்த ஆள் யாரையோ கூட்டிவரப் போகிறார்கள் என்று நம்பி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார்.

இந்த வழக்கை நான் எழுதுவதற்கு அந்த இரண்டு சொற்களே போதுமான காரணம். வழக்கு இன்னும் முடியவில்லை. அதனால் ஆள் பெயர், ஊர், ஸ்டேஷன், கோர்ட் எதையும் சொல்லப்போவதில்லை.

இடத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். ஆந்திரத்துச் சித்தூர் வேறு, இது வேறு. வேலந்தாவளம், ஒழலப்பதி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று, பொள்ளாச்சியிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ எந்த ரோட்டில் வந்தாலும் வழியில் ஒரு செக்போஸ்ட் இருக்கும். தென்னந்தோப்பு, கள்ளு, கொப்பரை, மாடு இவைதான் பிழைப்பு. 1956-ல் மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது இந்த ஊர்கள் கேரளத்தில் நின்றன. வீட்டில் தமிழ், சந்தையில் தமிழ், தாலுகா ஆபீசில் மலையாளம். நானும் இந்தப் பக்கத்துக்காரிதான். தமிழ் மீடியத்தில் படித்து, மலையாளத்தை பஸ்ஸிலும் கடையிலும் பிடித்துக்கொண்டு, அப்புறம் சட்டம் படித்தவள்.

நடந்தது

2025 டிசம்பர் முதல் வாரம், ஒரு திங்கள்கிழமை. பிக்கப் வண்டி வைத்துத் தேங்காய், கொப்பரை லோடு அடிக்கிறவர் அவர். வயது நாற்பதுக்குள். சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. “ஸ்டேஷன் வரெ ஒந்நு வரணும்” என்றார்கள். போனார். வண்டியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். மனைவி வீட்டில் விளக்குப் பற்ற வைத்துவிட்டு வாசலிலேயே இருந்தார். ராத்திரி பத்து மணிக்குமேல் ஒரு போன். “ஆளெ அறஸ்ட் செய்து” என்று மலையாளத்தில் ஒரு வரி. எதற்கென்று அவர் கேட்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

மறுநாள் மதியம் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவு விதிக்கும் 24 மணி நேரக் கெடுவுக்குள்தான். அடி, உதை எதுவும் இல்லை. சாப்பாடு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். போலீஸ் அத்துமீறல் என்றதும் லாக்கப் அடியை மட்டும் நினைத்துப் பழகிவிட்டோம். ஒரு அடிகூட விழாமல் நடக்கிற சட்டமீறல் நம் கண்ணில் படுவதே இல்லை.

“ஏதெங்கிலும் பராதியுண்டோ?” என்று மாஜிஸ்திரேட் கேட்டார். போலீஸ் மேல் புகார் உண்டா என்று அர்த்தம். இவர் தலையை இல்லையென்று ஆட்டினார். 14 நாள் ரிமாண்ட்.

வழக்கு இதுதான். ஒரு தோப்புக் கொட்டகையின் பூட்டை உடைத்து 18 மூட்டை கொப்பரை திருட்டு. தோப்புக்காரர் இரண்டு வாரம் வெளியூர் போய்விட்டு அக்டோபர் கடைசியில் திரும்பி வந்து பார்த்துத்தான் புகார் கொடுத்திருக்கிறார். அதனால் எஃப்.ஐ.ஆரில் திருட்டு நடந்த நாள் என்று ஒன்று இல்லை. இந்த நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையில் என்றுதான் இருந்தது. முதலில் சிக்கியவர் ஒரு லோடுமேன். மூட்டைகள் இவருடைய வண்டியில்தான் போயின என்று அவர் போலீசிடம் சொன்னதாக ரிமாண்ட் ரிப்போர்ட் சொல்கிறது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியத்தில் நிற்காது என்பது சட்டம் படித்த முதல் வருஷமே தெரிகிற விஷயம். ஆனாலும் ஒருவரை உள்ளே வைக்க நடைமுறையில் அது போதுமானதாக இருக்கிறது.

திருட்டு மட்டும் என்றால் ஏழு வருஷத்துக்கு உட்பட்ட தண்டனை. அப்படிப்பட்ட வழக்கில் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக்கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்து வரச்சொல்ல வேண்டும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கட்டிவிட்டது. ராத்திரியில் பூட்டை உடைத்துத் திருடுவது என்ற பிரிவைச் சேர்த்தால் தண்டனை 14 வருஷம் வரை போகும். அது சேர்க்கப்பட்டிருந்தது. கொட்டகைப் பூட்டு உடைந்திருப்பது உண்மைதான். அதனால் நான் அந்த வழியில் சண்டைக்குப் போகவில்லை.

காகிதம்

நான் சண்டைக்கு எடுத்தது ஒரே ஒரு தாளை. ஏ4 தாளில் அச்சடித்த படிவம், எல்லாம் மலையாளம். கிரைம் நம்பர், பிரிவுகள், பெயர், தகப்பன் பெயர் எல்லாம் பேனாவால் நிரப்பப்பட்டிருந்தன. ‘கைதுக்கான அடிப்படைகள்’ என்ற தலைப்புக்குக் கீழே மூன்று வரி. இனியும் குற்றம் செய்யாமல் தடுக்க, சாட்சியைக் கலைக்காமல் இருக்க, புலன்விசாரணை சரியாக நடக்க. கடைசியில், ‘வாயிச்சு கேட்டு போத்யப்பெட்டு’, அதாவது படித்துக் காட்டக் கேட்டேன், புரிந்துகொண்டேன் என்று அச்சிட்ட ஒரு வரி. நேரம் காலை 11.30 என்று போட்டிருந்தது. கோர்ட் வராந்தாவில் வைத்துத்தான் கையெழுத்து வாங்கினார்கள் என்பது இவர் சொல்வது.

அந்த மலையாள வரிக்குக் கீழே இவருடைய கையெழுத்து. தமிழில். முதல் எழுத்துக்குப் புள்ளி வைத்து, பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த மாதிரி ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக.

இந்தத் தாள் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கைது செய்கிறவர் காரணத்தைச் சொல்லியாக வேண்டும் என்பது அரசியல் சாசனம் தொடங்கிய 1950-லிருந்தே இருக்கிறது. 22-வது பிரிவின் முதல் உட்பிரிவு அதுதான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 50-வது பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்-ஸின் 47-வது பிரிவும் அதையேதான் சொல்கின்றன. ஆனால் எழுதிக் கொடுக்க வேண்டுமா, எந்த மொழியில், எப்போது, கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது எதுவும் அந்த வாசகத்தில் இல்லை. அந்த இடைவெளியில் போலீஸ் தனக்கு வசதியான வழக்கத்தை வைத்துக்கொண்டது. கோர்ட்டுகள் அதை ஒவ்வொரு வழக்காக அடைத்துக்கொண்டே வந்திருக்கின்றன.

1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கு. கைது மெமோ, அதில் நேரம், தேதி, வீட்டு ஆளோ ஊர்ப் பெரியவரோ ஒருவரின் சாட்சிக் கையெழுத்து, வீட்டுக்குத் தகவல் என்று பதினொரு கட்டளைகள். இந்த வழக்கு பிறந்ததே ஒரு கடிதத்தில்தான். மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு நடத்திய ஒருவர், லாக்கப் மரணங்களைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளைச் சேர்த்து 1986-ல் தலைமை நீதிபதிக்கு எழுதியது.

2023 அக்டோபர் 3-ல் பங்கஜ் பன்சல் வழக்கு. அமலாக்கத்துறை அடிப்படைகளை வாயால் படித்துக் காட்டினால் போதாது, எழுத்தில் கொடு என்றது. 2024 மே மாதம் பிரபீர் புர்காயஸ்தா வழக்கு அதை உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்கும் கொண்டுபோனது. என் வழக்குக்கு இதுதான் முதல் ஆணி. பொதுக் காரணம் வேறு, அடிப்படை வேறு என்று அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டியது. சாட்சியைக் கலைப்பார், விசாரணை கெடும் என்பதெல்லாம் எந்த ஆளுக்கும் எழுதலாம். இந்த ஆள் என்ன செய்தார் என்று உங்களிடம் இருக்கிறதோ அதுதான் அடிப்படை. அதைத்தான் கொடுக்க வேண்டும். எங்கள் தாளில் இருந்த மூன்று வரியும் முதல் வகை. கொப்பரை என்ற சொல்கூட அதில் இல்லை.

2025 பிப்ரவரி 7-ல் விஹான் குமார் வழக்கு. ஹரியானாவில் கைதான ஒருவரை ஆஸ்பத்திரிக் கட்டிலோடு சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். சாதாரண மோசடி வழக்கு. அதிலும் 22-வது பிரிவு முழுசாகப் பொருந்தும், சொன்னோம் என்று நிரூபிக்க வேண்டியது போலீஸ், அது நடக்காவிட்டால் கைது செல்லாது, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தாலும் அந்த ஓட்டை அடைபடாது என்றது. மனைவியிடம் சொல்லிவிட்டோம் என்ற பதிலும் எடுபடவில்லை. ரிமாண்டுக்கு முன்னால் இதையெல்லாம் சரிபார்ப்பது மாஜிஸ்திரேட்டின் கடமை என்றும் எழுதியது.

அப்புறம் 2025 நவம்பர் 6. மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கு. மும்பை வோர்லியில் கார் மோதிய வழக்கிலிருந்து எழுந்த கேள்வி. எல்லாக் குற்றத்துக்கும், எந்தச் சட்டமானாலும், அடிப்படைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். அதுவும் கைதானவருக்குப் புரிகிற மொழியில். உடனே எழுத முடியாவிட்டால் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்கு நிறுத்த இரண்டு மணி நேரத்துக்கு முன்னாலாவது தாளைக் கையில் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் கைதும் ரிமாண்டும் செல்லாது. தீர்ப்பு இனிமேல் நடக்கும் கைதுகளுக்கு என்றும் சொல்லியிருந்தது. எங்கள் கைது நடந்தபோது அதற்கு ஒரு மாதம்தான் வயது.

புரிகிற மொழி

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஜாமீன் மனு ஆறாம் நாள் தள்ளுபடி. இவர் கேரளத்தில் பிறந்து வளர்ந்தவர், மலையாளம் தெரியாது என்பதை ஏற்க முடியாது என்று ஒரே வரி. இந்த வரியோடுதான் எனக்குப் பெரிய சண்டை. அந்த மாஜிஸ்திரேட் நிதானமானவர். அவர் சொன்னதில் பாதி உண்மையும் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு மலையாளம் காதில் விழுந்தால் புரியும். தேங்காய் எண்ணவும், செக்போஸ்டில் பதில் சொல்லவும் வரும். ஆனால் கேட்கத் தெரிவது வேறு, எழுதியதைப் படிக்கத் தெரிவது வேறு. எங்கள் ஊரில் ஆயிரம் பேரை நிறுத்தி ‘பிரதி’ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்து மொழியாக இருப்பதே இங்கே ஆபத்து. இந்தியில் சொல்லியிருந்தால் புரியவில்லை என்று இவர் சொல்லியிருப்பார். மலையாளத்தில் சொன்னதால் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனோம். இவர் ஏழாம் வகுப்போடு நின்ற தமிழ் மீடியம் பள்ளியின் டி.சி.யைத் தேடி எடுத்தோம். மனைவி அதை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு வந்தார்.

அரசு வக்கீல் மூன்று வாதம் வைத்தார். ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கிறது என்பது ஒன்று. அதை நீதிபதியே சிரித்துத் தள்ளிவிட்டார். கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்பது இரண்டாவது. இதற்கு நான் பழைய தீர்ப்புகளுக்குப் போனேன். 1962-லேயே ஹரிகிஷன் வழக்கில், தடுப்புக் காவல் காரணங்களை இங்கிலீஷில் கொடுத்துவிட்டு வாயால் மொழிபெயர்த்துச் சொன்னது போதாது என்று சுப்ரீம் கோர்ட் ஆளை விடுவித்தது. அதற்குப் பிறகு லல்லுபாய் பட்டேல் வழக்கு. குஜராத்தி மட்டும் தெரிந்தவருக்கு இன்ஸ்பெக்டர் குஜராத்தியில் விளக்கினார் என்று சொன்னதும் நிற்கவில்லை. கையில் எழுத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். அவை தடுப்புக் காவல் வழக்குகள்தான், 22-வது பிரிவின் வேறொரு உட்பிரிவில் வந்தவை. ஆனால் தகவல் சொல்வது என்றால் என்ன என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றே.

மூன்றாவது வாதம்தான் கனமானது. 2025 ஆகஸ்டில் கன்னட நடிகர் தர்ஷன் வழக்கில், எழுத்தில் கொடுக்காததால் பாதிப்பு உண்டானது என்று காட்டினால்தான் பயன், வெறும் குறைபாடு போதாது என்று சுப்ரீம் கோர்ட்டின் இன்னொரு அமர்வு சொல்லியிருந்தது. இந்த ஆளுக்கு என்ன பாதிப்பு என்று அரசு வக்கீல் கேட்டார். நியாயமான கேள்வி. நவம்பர் தீர்ப்பு அதற்குப் பிறகு வந்து விளைவைத் தெளிவாகவே எழுதிவிட்டது என்று பதில் சொன்னேன். அதோடு நிறுத்தாமல், தன்னைச் சாட்சியாகக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மாஜிஸ்திரேட் முன்னால் வாயே திறக்காமல் நின்றதைவிடப் பாதிப்பு வேறென்ன வேண்டும் என்றும் கேட்டேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

நீதிபதி தாளைக் கையில் எடுத்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். மலையாள வரியையும் கீழே இருந்த தமிழ்க் கையெழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். விசாரணை அதிகாரி அங்கேயே நின்றிருந்தார். ஸ்டேஷனில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் உண்டா என்று அவரிடம் நீதிபதி கேட்டார். இரண்டு பேர் இருக்கிறார்கள் சார் என்றார். பிறகு ஏன் எழுதவில்லை? “படிவம் மலையாளத்திலாணு சார் வந்நிட்டுள்ளது.” அந்தப் பதிலில் பொய் இல்லை. தீர்ப்பு டெல்லியிலிருந்து வருகிறது, சுற்றறிக்கை தலைநகரத்திலிருந்து வருகிறது, எல்லை ஸ்டேஷனுக்கு வந்து சேர்வது ஒரு மொழியில் அச்சடித்த ஒரு படிவம்தான்.

பதின்மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. மூன்று வரியும் அடிப்படை ஆகாது. படிக்கத் தெரியாத மொழியில் கொடுத்தது கொடுத்ததாகாது. புரிந்தது என்று நிரூபிக்க வேண்டிய போலீஸ் அதைச் செய்யவில்லை. சொந்த ஜாமீனில் விட உத்தரவு. இரண்டு மணி நேரக் கணக்குக்குள் கோர்ட் போகவில்லை. 11.30 என்று எழுதிய நேரம் உண்மையா என்பது அப்படியே நிற்கிறது. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் விடுதலைக்கு ஒரு காரணம் போதும் என்றால் நீதிபதிகள் இரண்டாவதைத் தொடுவதில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லத் தோன்றுகிறது. கைதியின் கையில் விலங்கு போடுவதை 1980-ல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் கட்டுப்படுத்தியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். போலீஸ் கேட்கும் கேள்விக்கு மௌனமாக இருக்கும் உரிமையை 1978-ல் நந்தினி சத்பதி வழக்கில் விரித்து எழுதியவரும் அவர்தான். அவர் பிறந்தது இதே பாலக்காட்டில், வைத்தியநாதபுரம் கிராமத்தில். வீட்டில் தமிழ் பேசிய குடும்பம். அவர் பிறந்த மாவட்டத்தில், அவர் வீட்டில் பேசிய மொழியில் ஒரு கைதுத் தாள் கிடைக்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அதன் பிறகு

ஜாமீனோடு வழக்கு முடியாது. கைது செல்லாது என்பதால் குற்றமே இல்லை என்று ஆகிவிடாது. ஊரில் பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். நவம்பர் தீர்ப்பே ஒரு வழியை விட்டு வைத்திருக்கிறது. முறையாக எழுதிக் கொடுத்து, காரணம் சொல்லி, மறுபடி காவல் கேட்டுப் போலீஸ் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அவர் கூடியவரை ஒரு வாரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். போலீஸ் போனது. இந்த முறை மனுவோடு இரண்டு பக்கம், தமிழில், கையால் எழுதியது. ஸ்டேஷனில் இருக்கிற அந்த இரண்டு பேரில் ஒருவர் எழுதியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்துத் தமிழ். ‘கொட்டாயி’ என்றுதான் எழுதியிருந்தார், கொட்டகை என்று அல்ல.

என் ஆபீஸில் உட்கார்ந்து அவரே படித்தார். விரலை வரிக்குக் கீழே வைத்து, உதடு அசைய. முதல் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கத்தில் பாதி வந்ததும் விரல் நின்றுவிட்டது. லோடுமேன் சொன்னபடி, அக்டோபர் 19-ம் தேதி ராத்திரி பதினோரு மணிக்கு மேல் 18 மூட்டையும் இவருடைய பிக்கப்பில் ஏற்றப்பட்டது என்று இருந்தது. திருட்டுக்கு ஒரு நாளும் நேரமும் முதன்முதலாக எழுத்தில் வந்தது அந்தத் தாளில்தான்.

“வக்கீலம்மா, பத்தொம்பதுன்னா தீவாளி நோம்பிக்கு மொத நாளுங்களா?”

ஆமாம் என்றேன். காலண்டரைத் திருப்பிக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை.

“அன்னைக்கி என்ற வண்டி பொள்ளாச்சி ஒர்க்‌ஷாப்புலயல்ல நின்னுச்சு. கிளட்ச் போயிருச்சுங்க. நோம்பி முடிஞ்சு வந்துதான் பார்ப்பன்னுட்டாரு மெக்கானிக்கு. நான் பட்டாசுப் பையத் தூக்கீட்டு பஸ்ஸுல வந்தனுங்க. இவளைக் கேளுங்க.”

மனைவி தலையை ஆட்டினார். கடைசி பஸ், கோபாலபுரத்தில் இறங்கி நடந்து வந்தார், பையில் மழை பட்டுக் கம்பி மத்தாப்பு நமத்துப்போய்விட்டது என்றார்.

ஒர்க்‌ஷாப் பில் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, வண்டி டேஷ்போர்டில் சொருகி வைத்தது என்றார். வண்டி ஸ்டேஷன் முற்றத்தில், கைதான நாளிலிருந்து வெயிலில் நிற்கிறது. அந்தப் பில்லை எடுத்துக் கோர்ட்டில் ஒப்படைக்க உத்தரவு கேட்டு, அன்று மதியமே மனு எழுத உட்கார்ந்தோம்.